மூச்சுப்புடியும் பம்பாய்க் கடிதமும்

கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் அந்தக் காலத்தில் உயிரோடு இருந்த அத்தனை பேரும் ஒரே ஒரு மனிதருடைய அனுமதியின் பேரில்தான் மூச்சு விட்டார்கள். இதை நம்பாதவர்கள் அவரிடம் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளாதவர்கள்.

"மூச்ச இழு... புடி... புடி... புடி... வுடு!"

இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவர் அவர். அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் மூச்சுப்புடி. நேரில் கூப்பிடும்போது மரியாதைக்கு ஒரு அண்ணன் சேர்த்துக்கொள்வோம்.

எங்களுடையது யாரோ ஒரு புண்ணியவான் தர்மத்துக்குக் கட்டிவைத்த இருபது கட்டில் ஆஸ்பத்திரி. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது, அதனால் பெயர் வேண்டாம். நான் அங்கே லேப் டெக்னீஷியன். ரத்தம், சளி, மலம், மூத்திரம் நான்கும் என் இலாகா. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் படித்து, மூன்று மார்க்கில் சீட்டைக் கோட்டைவிட்டு, சின்னசேலத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வேலைக்கு வந்தவள். முதல் நாள் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒரு குரல் கேட்டது.

"இன்னா, டாக்டர் சீட்டு கெடைக்காத கேசா?"

"யாரு சொன்னாங்க ஒங்களுக்கு?"

"யாருனா சொல்லணுமா? மைக்ராஸ்கோப்ப மாமியார பாக்கற மாரி பாத்துக்கினு கீற."

உயரமான ஆள். முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, விரல் நகமெல்லாம் பிலிம் கழுவும் மருந்துத் தண்ணீரில் பழுப்பேறியிருந்தது. உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டருன்னா யாரு தெரியுமா? நீ எழுதற சீட்டு, நான் எடுக்கற படம், ரெண்டையும் படிச்சு சொல்றவரு. எழுதறவன் பெரியவனா, படிக்கறவன் பெரியவனா?"

நான் ஸ்லைடைத் துடைக்க ஆரம்பித்தேன். அதை அவர் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் அவருக்கு லேப்பு. "இன்னா லேப்பு, சாப்ட்டியா?" என்று தினமும் ஒரு தடவை கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கும்தான்.

அவருக்கு இருந்த பைத்தியம் ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் டாக்டரைத் தவிர இத்தனை வேலைகள் இருக்கின்றனவே, அது ஊருக்குத் தெரியவில்லையே என்கிற பைத்தியம். பிலிம் காயப்போடும் கொடியில் ஈரப் பிலிமுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு விண்ணப்பப் படிவங்கள் தொங்கும். மருந்தாளுநர் படிப்பு, கண் பரிசோதனைப் படிப்பு, பிசியோதெரபி, ஆபரேஷன் தியேட்டர் வேலை என்று எங்கெங்கிருந்தோ எழுதி வரவழைத்து வைத்திருப்பார். படம் எடுக்க வந்தவர்கள் அதையும் யாருடைய நெஞ்சோ என்று பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

எந்த வேலைக்கு யார் லாயக்கு என்பதற்கு அவரிடம் தனிச் சட்டம் இருந்தது. உள்ளங்கை வேர்க்கிறவர்கள் லேப் பக்கம் வரக்கூடாது, கண்ணாடி ஸ்லைடு வழுக்கும். கை சூடாக இருந்தால் பிசியோதெரபி, ஜில்லென்று இருந்தால் கிட்டேயே போகக்கூடாது. ஓயாமல் பேசுகிறவர்களைக் காது பரிசோதனைக்கு விடவே மாட்டார். "காது கேக்கலன்னு வந்தவன், கேக்காம இருக்கறதே மேலுன்னு வூட்டுக்கு போயிடுவான்" என்பார். ஒருமுறை அடிபட்ட திருடன் ஒருவனைப் போலீஸ்காரர் படம் எடுக்கக் கூட்டிவந்தார். பூட்டை எப்படித் திறந்தான் என்று திருடனிடம் விவரமாக விசாரித்துவிட்டு மூச்சுப்புடி போலீஸ்காரரிடம் திரும்பினார்.

"ஏட்டய்யா, இந்தக் கையப் பாருங்க, கொஞ்சங்கூட நடுங்கல. இவன உள்ள போட்டு வீணாக்காதீங்க. தியேட்டர்ல டாக்டருக்குக் கத்தி எடுத்துக் குடுக்கற வேலைக்கு அனுப்புங்க."

"கத்தியா?" என்றார் ஏட்டய்யா. திருடனுக்கு முகமெல்லாம் பல்.

இந்தப் பைத்தியத்தில் ஒரு உயிரே போகப் பார்த்தது. திருநாவலூர் பக்கத்து விவசாயி ஒருவரை நெஞ்சுப் படத்துக்கு நிற்கவைத்து "மூச்ச இழு, புடி" என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ "பையன் பிளஸ் டூ பாசுங்க" என்று சொன்னது காதில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான், பிலிம் எடுத்த கையோடு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். விண்ணப்பம் எங்கே வாங்குவது, எந்த ஊரில் கல்லூரி, எல்லாம் முடித்து உள்ளே வந்து பார்த்தால் விவசாயி கத்தரிக்காய் நிறத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

"யோவ், வுடுய்யா மூச்ச!"

புஸ்ஸென்று விட்டுவிட்டு அவர் சொன்னார். "நீங்க வுடுன்னு சொல்லவே இல்லீங்களே!"

அவருடைய கல்யாணமும் இப்படித்தான் நின்றுபோனது. உளுந்தூர்பேட்டை பக்கம் பெண் பார்க்கப் போனார்கள். பெண் காப்பி கொண்டுவந்தாள். எல்லா மாப்பிள்ளையும் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். இவர் உயிரியலில் எத்தனை மார்க் என்று கேட்டார். அவள் சொன்ன மார்க் இவரைத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது. பெண்ணின் அப்பாவோடு இரண்டு மணி நேரம் பேசி, அவளைப் பிசியோதெரபி படிக்கப் பாண்டிச்சேரிக்கு அனுப்பச் சம்மதம் வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். கூடப்போன அவர் அக்கா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

"புடிச்சிருந்துச்சாண்ணா பொண்ண?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரொம்ப" என்றார். "அதான் அனுப்பிட்டேன்."

இப்படியிருந்த மனுஷருக்குப் பம்பாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அதற்குள் இருக்கும் துண்டுப் பிலிம் காட்டிக்கொடுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அளந்து பார்க்கப் பம்பாயிலுள்ள மத்திய அரசு நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து வழக்கமாக ஒன்றும் வராது. இந்தத் தடவை வந்துவிட்டது. இவருடைய பேட்ஜில் அளவுக்கு மேல் கதிர் பட்டிருக்கிறது, காரணம் தெரியும்வரை இவரை மெஷின் பக்கம் விடக்கூடாது, விளக்கம் அனுப்பவும் என்று எழுதியிருந்தது.

மூச்சுப்புடி அசரவில்லை. வெக்கைக்குச் சட்டையைக் கழற்றி எக்ஸ்ரே அறை ஆணியில் மாட்டிவிட்டுப் பனியனோடு வேலை செய்வேன், பட்டதெல்லாம் சட்டைக்குத்தான், எனக்கில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் செய்யக்கூடிய காரியம்தான் அது. ஆனால் விளக்கத்தில் கூட வேலை செய்கிற ஒருவர் பார்த்ததாகச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தோடு என்னிடம் வந்தார்.

"லேப்பு, ஒரு கையெழுத்து. சட்டை ஆணில தொங்கனத பாத்தன்னு."

நான் பார்க்கவில்லை. என் லேப் ஒரு மூலை, அவர் அறை ஒரு மூலை. அண்ணன் சொன்னால் பார்த்த மாதிரிதானே என்று போட்டுக்கொடுத்துவிட்டேன்.

பதில் வரும்வரை அவரை வாசலில் சீட்டு எழுத உட்காரவைத்தார்கள். உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு டெக்னீஷியன் திங்களும் வியாழனும் பஸ்ஸில் வந்து படம் எடுத்துவிட்டுப் போவார். ரொம்ப மரியாதைக்காரர். "கொஞ்சம் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்" என்பார். சீட்டு எழுதுகிற இடத்திலிருந்து மூச்சுப்புடி தலையில் அடித்துக்கொள்வார். "கெஞ்சறாரு லேப்பு. கெஞ்சினா மூச்சு நிக்குமா?"

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மத்தியானத்தில் கூட்டம் குறைந்ததும் அவர் போய்ப் பூட்டிய எக்ஸ்ரே அறைக் கதவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் நான் பார்த்துவிட்டேன்.

"ஒண்ணுமே இல்லாத பிலிம மருந்துத் தண்ணில போடுவ" என்றார், என்னைப் பார்க்காமல். "இருட்டுல சும்மா நின்னுக்கினு இருப்ப. மொதல்ல ஒண்ணும் தெரியாது. அப்பறம் மெதுவா ஒரு எலும்பு மேல வரும். அப்பறம் இன்னொண்ணு. இத்தினி வருஷத்துல ஒரு நாள்கூட எனக்கு அது பழகிப் போவல."

எனக்கு அன்று அவர்மேல் பொறாமையாக இருந்தது. அந்த மாதிரி ஒரு வேலையை நான் நேசித்ததில்லை.

அப்போதுதான் மறியல் வந்தது. படிப்பிலும் வேலையிலும் இடம் கேட்டு மாவட்டமே சாலையில் உட்கார்ந்த வாரம். மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள், சாலையை வெட்டிப் பள்ளம் எடுத்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் வண்டி இல்லை. நான் வீட்டுக்குப் போக முடியாமல் நர்சுகளோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டேன். அங்கங்கே துப்பாக்கிச் சூடு, சாவு என்று செய்தி வந்துகொண்டிருந்தது. சிரிக்கிற வாரமில்லை அது. நிர்வாகத்தின் கையெழுத்துக்காக மூன்று வாரம் காத்திருந்து அப்போதுதான் தபாலுக்குத் தயாரான, என் சாட்சிக் கையெழுத்துப் போட்ட உறையும் ஆபீஸ் தட்டிலேயே கிடந்தது.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு கயிற்றுக் கட்டிலைத் தோளில் சுமந்துகொண்டு ஆறேழு பையன்கள் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். கட்டிலில் கல்வராயன் மலையிலிருந்து ஒரு தாயும் ஐந்து வயசுப் பெண் குழந்தையும். பாவாடை கட்டும்போது வாயில் வைத்திருந்த ஊக்கைக் குழந்தை விழுங்கிவிட்டது. மலையிலிருந்து நடந்தே இறங்கியிருக்கிறார்கள். கச்சிராயபாளையம் சாலையில் மரம் வெட்டிப்போட்ட பையன்களே மரத்துக்கு மேலே கட்டிலைத் தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

டாக்டர் உள்ளே குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் சீட்டு எழுதின மூச்சுப்புடியால் சும்மா இருக்க முடியவில்லை.

"எடம் கேக்கறீங்க. கேக்கணும், கேட்டாத்தான் குடுப்பாங்க. ஆனா கெடச்சா எதுல போய் ஒக்காருவீங்க?"

"டாக்டருக்கு, இஞ்சினீருக்கு" என்றான் ஒருவன், மூச்சிரைத்துக்கொண்டு.

"ரெண்டே நாற்காலிதான் தெரிஞ்சிருக்குது ஒங்களுக்கு. கட்டில அலுங்காம கொண்டாந்தீங்களே, அதுக்கே ஒரு படிப்பு கீது தெரியுமா?" என்று விரல்விட்டு ஒவ்வொரு படிப்பாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மறியலுக்குத் திரும்ப வேண்டிய பையன்கள் நின்று கேட்டார்கள். ஒருவன் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டான்.

உள்ளே நிலைமை வேறு. ஊக்கு மூச்சுக்குழாய்ப் பக்கம் இருந்தால், இல்லை உணவுக்குழாயில் திறந்து கிடந்தால், வெட்டுண்ட சாலையில் எப்படியாவது சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வயிற்றுக்குள் போயிருந்தால் அசைக்காமல் இங்கேயே வைத்துக்கொள்ளலாம். எது என்று படம்தான் சொல்ல வேண்டும். உளுந்தூர்பேட்டைக்காரர் வர வழியில்லை.

"அவரை மெஷின் பக்கம் விடக்கூடாதுன்னு கடிதம் இருக்கு" என்றார் டாக்டர். "அவர் வெளியே நின்னு சொல்லட்டும். நீ எடும்மா."

"சார், நான் மூத்திரம் பாக்கறவ சார்."

"இன்னைக்கு இதையும் பாரு."

அப்படித்தான் நான் முதல்முறையாக அந்த அறைக்குள் முழுதாக நுழைந்தேன். கதவுக்கு வெளியே நின்று அவர் எந்தக் குமிழை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொன்னார். திருப்பினேன். மெஷின் உறுமியது. குழந்தை வீரிட்டு அலறி மேஜைக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. தாய் அதைவிடப் பயந்து சுவரோரம் நின்றாள். மூன்று தடவை இழுத்து நிறுத்தினோம், மூன்று தடவையும் ஓடியது.

மூச்சுப்புடி உள்ளே வந்தார். கதவருகே நின்ற டாக்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

 மூச்சுப்புடி அறையில் கதிரைத் தடுக்க இருந்த ஒரே ஈய ஏப்ரனை எடுத்துத் தாய்க்குக் கட்டினார். "வயித்துல ஒண்ணு இருக்குதோ என்னமோ, யாருக்குத் தெரியும்" என்று சொல்லி, குழந்தையின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தூரத்து மூலையில் நிறுத்தினார். குழந்தையைத் தூக்கித் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்து, கையைக் காலை ஒரு பிடியில் அடக்கி, மெஷினுக்கு நேரே நின்றார். கன்னத்தைக் குழந்தையின் தலையில் வைத்துக்கொண்டார். அது அழுகையை நிறுத்தி அவர் சட்டைப் பித்தானைப் பார்த்தது.

"அமுக்கு லேப்பு."

அமுக்கினேன். அமுக்கின விரல் அங்கேயே நின்றுவிட்டது. முதல்முறை செய்கிறவர் இப்படிச் செய்ய மாட்டார். ஏப்ரனைத் தாய்க்குக் கட்டுவதும், மூலை பார்த்து நிறுத்துவதும், இந்தப் பிடியும் நூறு தடவை செய்த கை. அறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். நாலு சுவரிலும் ஆணி என்று ஒன்றுகூட இல்லை.

இருட்டறையில் படத்தை அவரே கழுவினார். மூடிய கதவுக்கு வெளியே நின்றிருந்த எனக்கு அவர் உள்ளே ஏதோ முனகிப் பாடுவது கேட்டது. ஒரு மாதமாகக் கேட்காத குரல். ஈரப் பிலிமோடு ஓடிவந்தார். சின்ன விலா எலும்புகளுக்குக் கீழே, வயிற்றுப் பகுதியில், மூடின ஊக்கு வெள்ளையாகப் படுத்திருந்தது. "ரெண்டு மூணு நாள்ல தானா வந்துடும்" என்று டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். தாய் எல்லோருடைய காலிலும் விழுந்தாள். ஊக்கு வந்துவிட்டது, மூன்றாம் நாள்.

படம் எடுத்த அன்றே நான் அவரை நடையில் பிடித்தேன்.

"எத்தினி புள்ளைங்கள இப்டி புடிச்சிருக்கீங்கண்ணா?"

"இதெல்லாம் எண்ணிக்கினா இருப்பாங்க?"

"அப்ப பம்பாய்க்காரங்க சொன்னது நெசம். பட்டது சட்டைக்கு இல்ல, ஒங்களுக்கு."

அவர் அக்கம் பக்கம் பார்த்தார். "கையெழுத்து போட்டுட்ட இல்ல? மறியல் முடிஞ்சா தபால் போயிடும். நான் என் ரூமுக்கு போயிடுவேன். சும்மா இரு."

இரண்டு நாள் சும்மா இருந்தேன். ரத்தத்தில் கதிர் என்ன செய்யும் என்று எனக்குப் பாடத்தில் இருந்தது. அவருக்கும் இருந்தது. அந்த உறை ஆபீஸ் தட்டில் கிடப்பதைப் போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். மறியல் நடக்காமல் இருந்திருந்தால் அது அந்த வாரமே போயிருக்கும், நானும் எதையும் முடிவு செய்ய வேண்டி வந்திருக்காது. மூன்றாம் நாள் உறையை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

"சார், அந்த ரூம்ல ஆணியே இல்லைங்க" என்றேன். மீதியையும் சொன்னேன்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. இனி எந்த எக்ஸ்ரே மெஷினிலும் அவருக்கு வேலை இல்லை. மலைமேல் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கிளை இருந்தது. இரண்டு கட்டில், ஒரு நர்ஸ், கரண்ட் வந்தால் உண்டு. அங்கே சீட்டு எழுதவும் பிரஷர் பார்க்கவும் அனுப்பினார்கள்.

போகிற அன்று லேப் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஒன்ன நம்பிதானே கையெழுத்து கேட்டேன்."

"செத்துப் போயிடுவீங்கண்ணா."

"அந்த இருட்டு ரூம் இல்லாம இருந்தா மட்டும் இன்னா?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டேன். கீழே ஸ்லைடே இல்லை.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு நான்கைந்து சீட்டு மலையிலிருந்து வரும். கொண்டுவருவது பத்தாவது, பிளஸ் டூ முடித்த மலைப் பிள்ளைகள். 'இவளுக்கு உள்ளங்கை வேர்க்கிறது. கண் பரிசோதனைக்கு விண்ணப்பம் வாங்கித் தரவும்.' 'இவன் பொறுமைசாலி. மயக்க மருந்துப் பிரிவு.' வாங்கித் தருவேன். அவர்கள் படித்தார்கள். அதில் ஒருத்தி இன்று சேலத்தில் ஸ்கேன் எடுக்கிறாள், ஒருவன் டயாலிசிஸ் பார்க்கிறான். ஆனால் சீட்டின் மேலே எப்போதும் 'லேப் டெக்னீஷியன் அவர்களுக்கு' என்றுதான் இருக்கும். 'சாப்ட்டியா' என்று கேட்ட மனுஷர் 'அவர்களுக்கு' என்று எழுதினால் எப்படி வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பத்திரமாக வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும்.

ஆஸ்பத்திரியை மூடினார்கள். நானும் வேறு இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அவர் மலையை விட்டு இறங்கவே இல்லை. போன மாதம் மனசு கேட்காமல் மலை பஸ் ஏறினேன். ஒரு ஓட்டு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் விண்ணப்பப் படிவங்களோடு நாலு பெண் பிள்ளைகள். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். தலைமுடி வெளுத்திருந்தது, மற்றபடி திடகாத்திரம். என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கீழ இருந்து ஆளு வந்துகீது. டீ குடுங்க" என்று ஒரு பெண்ணிடம் சொன்னார்.

டீ வந்தது, குடித்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தப் பிள்ளைகளை மிரட்டி, உருட்டி, ஒவ்வொருத்தி கையாகப் பிடித்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.  கடைசி பஸ்ஸுக்கு எழுந்தபோதும் தலையைத் தூக்கவில்லை.

மலை இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, மனுஷருக்கு இன்னும் கோபம் போகவில்லை. போகவே வேண்டாம். இன்னும் இருபது வருஷம் என்மேல் நன்றாகக் கோபமாக இருக்கட்டும்.